சோலைக்கிளியைத் தேடிப் போகும்போது செய்யக்கூடாதவை

ஊட்டி தொட்டபெட்டா பக்கம், சோலை எனப்படும் மலைக்காட்டுத் துண்டுகளின் ஓரங்களில் புதிதாகப் பறவை பார்க்க வருபவர்களைக் கவனித்தால், வருகிற எல்லோரும் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். சத்தம் போடக்கூடாது, பளிச்சென்ற சட்டை ஆகாது என்பதெல்லாம் தெரிந்த விஷயம், அதை விட்டுவிடுகிறேன்.

அண்ணாந்து பார்ப்பது

நீலகிரி சோலைக்கிளி பெயரில்தான் கிளி; நீண்ட காலும் குட்டை வாலும் கொண்ட சின்னக் கருநீலப் பறவை. தரையில் சருகுக்குள் பூச்சி தேடி ஓடும். நீங்கள் கிளைகளில் பைனாகுலரை ஓட்டிக்கொண்டிருக்கும்போது அது பாதையைத் தாண்டிப் போயிருக்கும்.

நேரம்

விடியல், இல்லையென்றால் பொழுது சாயும் வேளை.

செல்போனில் அதன் குரலைப் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும். ஒரு குழு ஸ்பீக்கரைப் பாறைமேல் வைத்துப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டியது. பறவை வந்தது, அலகில் புழுவோடு. குஞ்சுக்குக் கொண்டுபோன இரையை வைத்துக்கொண்டு, தன் எல்லைக்குள் எவனோ நுழைந்துவிட்டான் என்று அந்தப் பாறையையே சுற்றிச் சுற்றி வந்தது. இவர்கள் படம் எடுத்து முடிக்கும்வரை கூட்டுக்குப் போகவில்லை. ஏப்ரல், மே அது கூடு கட்டும் காலம், மலைக்குக் கூட்டம் ஏறுவதும் அப்போதுதான். தொந்தரவு என்றால் வேறு சோலைக்குப் போகட்டுமே என்பீர்கள். எங்கே போகும்? சோலைகளுக்கு நடுவே தேயிலையும் யூகலிப்டஸும் நிற்கின்றன, திறந்தவெளியை இந்தப் பறவை லேசில் கடப்பதில்லை. அழியும் ஆபத்தில் உள்ள இனமென்று ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. அந்தத் துண்டுக் காட்டில் இருக்கும் ஒரே ஜோடிதான் வருகிற ஒவ்வொரு குழுவின் ஸ்பீக்கருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பாதை ஓரமாக, சருகு நிறைந்த ஈரமான இடத்தில் பேசாமல் நில்லுங்கள். வந்தால் வரும், வராவிட்டால் இன்னொரு நாள்.

ஃபிளாஷ்

வேண்டவே வேண்டாம்.

பாலக்காட்டுக் கணவாயை மறப்பது

கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையிலும் ஆனைமலையிலும் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி, வேறு இனம். பழனி மலையின் வட்டக்கானலில் பார்த்துவிட்டு நீலகிரி இனமென்று பதிவு போடுகிறார்கள். எந்த இனம் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க இந்தப் பதிவுகளும் உதவுகின்றன, அதனால் கொஞ்சம் பொறுப்போடு எழுதுங்கள். சந்தேகம் வந்தால் விலாவைப் பாருங்கள்: நீலகிரிப் பறவைக்குச் செம்பழுப்பு, தெற்கத்திப் பறவைக்கு நீலச் சாம்பல்.