ராத்திரி மூன்று மணிக்கு யார் பார்க்கிறார்கள்? வியூ கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நான் வீடியோ எடிட்டிங் செய்யும் சின்ன அறைக்குப் போன மாதம் ஒரு தம்பி வந்தான். பட்டர்வொர்த்துக்காரன். சொந்தமாகப் பாட்டு எழுதி, நண்பர்களை நடிக்க வைத்து, யூடியூபில் ஏற்றியிருந்தான். உட்காரும் முன்பே கைபேசியை நீட்டினான். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி.

“அண்ணே, பத்தாயிரம் வியூஸ் எண்பது வெள்ளியாம். ரெண்டே நாள்ல ஏத்திடுவாங்களாம். வாங்கட்டுமா?”

வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் வேறு யாராவது அறுபது வெள்ளிக்குத் தருகிறேன் என்றால் வாங்கிவிடுவான். அதனால் கணக்கு எப்படி நடக்கிறது என்று அவன் வீடியோவையே திறந்து காட்டினேன். அதைத்தான் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டியது யூடியூபில் ஏற்றிய ஒரு வீடியோ, யூடியூப் ஸ்டுடியோ (சேனல் வைத்திருப்பவர் தன் வீடியோ கணக்கைப் பார்க்கும் இடம்), அரை மணி நேரம். பக்கத்தில் ஒரு தே தாரிக் இருந்தால் நல்லது.

படி 1: எந்தத் தளத்தில் எதற்கு வியூ என்று பெயர்?

எல்லாத் தளமும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. டிக்டாக்கில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒன்று. ஃபேஸ்புக் நெடுங்காலம் 3 விநாடி ஓடினால் ஒரு வியூ என்று வைத்திருந்தது. யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் விதி மாறிவிட்டது. இப்போது ஓடத் தொடங்கினாலும் ஒன்று, திரும்ப ஓடினாலும் இன்னொன்று. பழைய, கண்டிப்பான எண்ணிக்கையை ‘எங்கேஜ்டு வியூஸ்’ என்று பெயர் மாற்றி, ஸ்டுடியோவில் அனலிட்டிக்ஸ் என்ற புள்ளிவிவரப் பகுதிக்குள் வைத்துவிட்டார்கள். வெளியே தெரியும் எண் பெரியது. ஷார்ட்ஸ் வருமானம் உள்ளே இருக்கும் சின்ன எண்ணை வைத்துத்தான். நெட்ஃபிளிக்ஸ் கணக்கு வேறு மாதிரி. 2023 முதல், மக்கள் பார்த்த மொத்த மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து, வருவதை வியூ என்கிறது.

ஆகவே டிக்டாக்கில் ஒரு லட்சம் பெற்றவனையும் யூடியூபில் பத்தாயிரம் பெற்றவனையும் ஒப்பிடுவது, உழக்கில் அளந்ததையும் மரக்காலில் அளந்ததையும் எண்ணிக்கை வைத்து ஒப்பிடுவது போல.

யூடியூபின் நீள வீடியோவுக்கு 30 விநாடி பார்த்தால்தான் வியூ என்று பலர் சத்தியம் செய்வார்கள். அந்த 30 விநாடி, தாண்டிச் செல்லக்கூடிய விளம்பரங்களுக்கான விதி. சாதாரண வீடியோவுக்கு விநாடிக் கணக்கை யூடியூப் வெளியிடவில்லை. வெளியிட்டால் 31 விநாடி மட்டும் வீடியோவை ஓடவிடும் கணினி நிரலை (புரோகிராமை) மறுநாளே எவனாவது எழுதிவிடுவான் அல்லவா?

படி 2: எண் நின்றுபோனால் பதற வேண்டாம்

2015-க்கு முன் யூடியூப் பார்த்தவர்களுக்கு 301 நினைவிருக்கும். புது வீடியோ வேகமாக ஏறும். 301-க்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். லைக் மட்டும் ஆயிரம் இருக்கும். முதல் 300 வியூவை அதிகம் ஆராயாமல் உடனுக்குடன் காட்டினார்கள். அதற்கு மேல் போகும் வீடியோவைத்தான் ஏமாற்றுவதால் ஏதாவது லாபம் உண்டு. அதனால் அங்கே நிறுத்தி, சரிபார்த்த பிறகு மொத்தமாகச் சேர்த்தார்கள். ஏன் 300 இல்லாமல் 301? ‘300-க்குக் குறைவு அல்லது சமம்’ என்று நிரலில் ஒருவர் எழுதியதால் ஒன்று கூடுதலாக உள்ளே நழுவிவிட்டது. அவ்வளவுதான் ரகசியம்.

2015 ஆகஸ்டில் இந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் சரிபார்ப்பு போகவில்லை. இப்போது எண் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் ஆராய்ச்சியும் நடக்கும். சந்தேகப்பட்டதைக் கழிப்பார்கள், சில சமயம் எண் மெதுவாகும், உறையும், குறையவும் செய்யும். வெளியே தெரியும் எண்ணை, இந்த நிமிடம் வரை தளம் ஒப்புக்கொண்ட எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரௌசரில் நாலு டேபில் ஒரே வீடியோவைத் திறந்து வைப்பது, அம்மா, அக்கா, தங்கை கைபேசிகளில் எல்லாம் நாமே ஓடவிடுவது: இவை எண்ணப்படாமல் போகலாம். வேறு இணையப் பக்கத்தில் பதித்த வீடியோ தானாக ஓடினால் கணக்கில் சேராது. பிளே பொத்தானை ஆள் அழுத்த வேண்டும். எங்கள் தம்பி மூன்று நாள் தூக்கத்தில் கூட பாட்டை ஓடவிட்டிருக்கிறான், பாவம்.

படி 3: ஆள் யார், நிரல் யார் என்று தளம் எப்படிப் பிரிக்கிறது?

ஒரு வியூ வந்ததும் சர்வருக்குச் சில விஷயங்கள் தெரியும். எந்த ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்), என்ன கருவி, என்ன பிரௌசர், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், முன்பு வந்திருக்கிறாரா, எவ்வளவு நேரம் ஓடவிட்டார், பிறகு எங்கே போனார். தனித்தனியாக எடுத்தால் எதுவும் குற்றம் இல்லை. ஒரே ஐபியிலிருந்து நூறு பேர் பார்ப்பது பல்கலைக்கழக விடுதி வைஃபையில் தினமும் நடக்கிறது. கைபேசி நிறுவனங்களும் நிறைய வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதுண்டு. ஏழு விநாடியில் மூடிவிடுவதும் சாதாரணம். நானே அப்படித்தான்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் குட்டு உடையும். விடுதி மாணவர்கள் நூறு பேர் என்றால் ஒருவர் ஏழு விநாடி, ஒருவர் மூன்று நிமிடம், ஒருவர் பாதியில் பின்னால் இழுத்து மறுபடி கேட்பார். நூறு பேரும் சரியாக 42 விநாடி பார்த்து, யாரும் அதற்குப் பிறகு வேறு வீடியோ எதையும் தொடாமல் போனால்? முகவரிகள் வீட்டு இணைப்பாக இல்லாமல், சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் டேட்டா சென்டராக இருந்தால்? சர்வர் அலமாரிக்குள் உட்கார்ந்து யாரும் பாட்டுக் கேட்பதில்லை.

மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். 2016-ல் வெளிப்பட்ட மெத்பாட் மோசடியில், டேட்டா சென்டர் முகவரிகளை வீட்டு இணைய இணைப்பு போலப் பதிவு செய்து, மவுஸ் நகர்வையும் கிளிக்கையும் போலியாக உண்டாக்கி, விளம்பர வீடியோக்களை ‘பார்த்தார்கள்’. அதை நடத்தியவருக்கு 2021-ல் அமெரிக்க நீதிமன்றம் 10 ஆண்டு சிறை கொடுத்தது.

எனக்கு இதைவிடத் திகிலான கதை 2013-ல் நடந்தது. யூடியூபுக்கு வந்த போக்குவரத்தில் ஒரு கட்டத்தில் பாதி, மனித வேடமிட்ட நிரல்கள். கண்டுபிடிக்கும் நிரல் எதை ‘இயல்பு’ என்று கற்றுக்கொள்கிறது? பெரும்பான்மையாக இருப்பதை. பொய் பெரும்பான்மையாகிவிட்டால், நிரலை ஆள் என்றும் ஆளை நிரல் என்றும் அது தலைகீழாக எண்ணத் தொடங்குமோ என்று பொறியாளர்களே பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு ‘இன்வெர்ஷன்’ என்று பெயரும் வைத்தார்கள். 2018-ல் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியில் சொன்னது.

படி 4: உங்கள் வீடியோவை நீங்களே சோதியுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஸ்டுடியோவில் வீடியோவைத் தேர்ந்தெடுத்து அனலிட்டிக்ஸுக்குள் போங்கள்.

முதலில், மணிக்கு எத்தனை வியூ என்று காட்டும் கடைசி 48 மணி நேரப் பட்டைகள். நம் ஊர் ஆள்கள் பார்த்தால் அந்தப் படத்தில் நம் ஊரின் நாள் தெரியும். காலையில் கொஞ்சம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மேடு, ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை பெரிய மேடு, விடியற்காலை மூன்று மணிக்குப் பள்ளம். வாங்கிய வியூவுக்குத் தூக்கம் கிடையாது. மூன்று மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் ஒரே உயரம்; கத்தியால் சீவியது போல மட்டமாக இருக்கும்.

மேடு வந்தாலே பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளித் தேர் லெபோ பினாங்கு தெருவிலிருந்து தண்ணீர்மலைக் கோயில் பக்கம் ஊர்வலம் போகிற அன்று, நான் முந்தைய வருடம் ஏற்றிய உறுமி மேளம் வீடியோ நடு ராத்திரியில் திடீரென ஏறும். ஊரே விழித்திருக்கிறது, ஏறத்தானே செய்யும்? காரணம் சொல்ல முடிகிற மேடு பயமுறுத்தாது.

நாள்வாரிப் படத்தைப் பார்க்கும்போது மட்டும் கவனம் தேவை. யூடியூபின் நாள் அமெரிக்கப் பசிபிக் நேரப்படி மாறுகிறது. நம் கடிகாரத்தில் அது மதியம் மூன்று மணி, அங்கே குளிர்காலம் என்றால் நான்கு மணி. செவ்வாய்க்கிழமை என்று காட்டும் புள்ளி நமக்குச் செவ்வாய் மதியத்திலிருந்து புதன் மதியம் வரை. இதை அறியாமல் நான் ஒரு வருடம் கிழமைகளைத் தப்பாகப் படித்திருக்கிறேன்.

அடுத்து, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று காட்டும் ஆடியன்ஸ் ரிடென்ஷன் கோடு. மனிதர்களின் கோடு முதல் அரை நிமிடத்தில் சரியும், பிறகு மெதுவாக இறங்கும், பல்லவி வரும் இடத்தில் சின்னதாக மேலே எழும். பொய்க்கோடு மேசை மாதிரி. சில விநாடி மட்டமாகப் போய், ஒரே இடத்தில் செங்குத்தாக விழும்.

பிறகு டிராஃபிக் சோர்ஸ். தேடி வந்தவர், பரிந்துரையில் வந்தவர், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாக வந்தவர் என்று கலந்திருப்பது நல்லது. திடீரென வந்த கூட்டம் முழுவதும் கேள்விப்படாத ஓர் இணையப் பக்கத்திலிருந்தோ ‘டைரக்ட் ஆர் அன்னோன்’ என்ற ஒரே வரியிலிருந்தோ வந்தால் தோண்டிப் பாருங்கள். கடைசியாக நாடுகள். தமிழ்ப் பாட்டுக்கு மலேசியா, இந்தியா, சிங்கப்பூர், இலங்கை முன்னால் வருவது நியாயம். தமிழர்கள் அதிகம் இல்லாத ஒரு நாடு முதலிடத்தில் இருந்தால் என்ன அர்த்தம்? வியூ மிகக் குறைவாக இருந்தால் இந்தப் பட்டியல் முழுமையாகக் காட்டாது, கொஞ்சம் பொறுங்கள்.

இந்த அறிகுறிகள் எனக்குப் பாடமாகத் தெரிந்ததற்குக் காரணம், நானும் ஒருமுறை வாங்கினேன். நண்பர் ஒருவரின் கல்யாண மண்டப வீடியோவுக்கு, ஐயாயிரம். மட்டமான பட்டைகள், செங்குத்துக் கோடு, எங்கேயோ ஒரு நாடு, எல்லாம் வந்தது. ஒரு வாரத்தில் பாதி காணாமலும் போனது. காசு போனதுகூடப் பரவாயில்லை. உண்மையாகப் பார்த்த இருநூறு பேர் எந்த இடத்தில் சலித்து மூடினார்கள் என்று அதன் பிறகு என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. சராசரி எல்லாம் கெட்டுவிட்டது. கோப்பித் தூளில் மண் கலந்த மாதிரி, இனி எதைப் பிரிப்பது?

படி 5: மற்றவர் காட்டும் எண்ணைச் சோதிப்பது

இது கடைக்காரர்களுக்கு. ‘எனக்கு இரண்டு லட்சம் வியூ, உங்கள் சேலைக் கடையை விளம்பரம் செய்கிறேன்’ என்று யாராவது வந்தால் ஸ்கிரீன்ஷாட் வாங்காதீர்கள். அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். எதிரில் உட்கார வைத்து, அவர் கைபேசியில் ஸ்டுடியோவைத் திறக்கச் சொல்லி, மேலே சொன்ன நான்கையும் பாருங்கள். ‘அப்புறம் அனுப்புறேன்’ என்றால் பதில் கிடைத்துவிட்டது. வெளியிலிருந்தே பார்க்க வேண்டுமானால் சோஷியல் பிளேடு தளத்தில் சேனலின் தினசரி ஏற்ற இறக்கம் தெரியும். ஒரு நாள் கணக்கு மைனஸில் இருந்தால், வீடியோவை அவரே நீக்கியிருக்கலாம், தளம் வியூவைக் கழித்திருக்கலாம். கேட்டுவிடுங்கள்.

சராசரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். எல்லோரும் பார்த்த நேரத்தைக் கூட்டி, 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்துச் சராசரி காட்டி வந்ததை 2016-ல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டு, 2019-ல் 4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

படி 6: காசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால்

கூகுள் விளம்பரம் வழியாக வீடியோவைக் காட்டச் சொல்லலாம். அங்கே பார்ப்பவர் ஆள், வியூ செல்லுபடியாகும். பெரிய இசை நிறுவனங்களே அப்படி ஏற்றித்தான், வெளியான முதல் 24 மணி நேரத்தில் அதிக வியூ பெற்ற சாதனை என்று அறிவித்துக்கொண்டிருந்தன. 2019 செப்டம்பரில், அந்தச் சாதனைக் கணக்கிலும் இசைப் பட்டியல்களிலும் விளம்பர வியூவைச் சேர்க்க மாட்டோம் என்று யூடியூப் நிறுத்தியது.

வெளியாரிடம் வியூ வாங்குவது யூடியூபின் ‘ஃபேக் எங்கேஜ்மெண்ட்’ விதிக்கு எதிரானது. நீயும் சப்ஸ்கிரைப் பண்ணு, நானும் பண்ணுகிறேன் என்று குழுவில் பேசிக்கொள்வதும் அதில் சேரும். 90 நாளில் மூன்று ஸ்டிரைக் (விதிமீறல் எச்சரிக்கை) வந்தால் சேனல் போய்விடும். விளம்பர வருமானத்துக்கு வேண்டிய 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் என்ற கணக்கில் செல்லுபடியாகும் நேரம் மட்டுமே ஏறும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் உடனே நிறுத்துங்கள், அந்தத் தேதிகளைக் குறித்து வையுங்கள், அனலிட்டிக்ஸில் அந்த நாள்களை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள்.

சரி, தம்பியின் வீடியோவுக்கு வருவோம். அன்று 412 வியூ. பட்டைகளைப் பார்த்தால் இரண்டு நாளும் ராத்திரி ஏழரை வாக்கில் ஒரு சின்ன மேடு, வாட்ஸ்அப் வழியாக. யார் அது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா வேலை செய்ற பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ணே. ஷிஃப்ட் முடிஞ்சு ஏறுற நேரம்.”