டெலிகிராமில் பெருசுங்க, டிஸ்கார்டில் பசங்க: நடுவில் ஒரு பாட்

எங்க வியாசர்பாடி ஃபுட்பால் டீமில் பெரியவங்க டெலிகிராமை விட மாட்டாங்க, பசங்க டிஸ்கார்டை விட மாட்டாங்க. மேட்ச் நேரம் மாறினால் ரெண்டு இடத்திலும் நான்தான் டைப் அடிக்கணும். ஒரு ஆப்பில் வர்ற மெசேஜை இன்னொண்ணுக்கு தானா அனுப்புற மேட்டர்பிரிட்ஜ்ங்கிற சாஃப்ட்வேரைப் போட்டதும் அந்த வேலை ஒழிஞ்சது. இலவசம், ஒரே ஃபைல்தான், பழைய லேப்டாப்பிலேயே ஓடும்.

டெலிகிராமில் பாட்ஃபாதரிடம் (பாட் உருவாக்கித் தர்ற டெலிகிராமோட சொந்த கணக்கு) புது பாட், அதாவது தானா மெசேஜ் படிச்சு அனுப்புற கணக்கு, கேட்டு அதோட டோக்கன் (ரகசிய சாவி) வாங்குங்க. டிஸ்கார்டுக்கு அதோட டெவலப்பர் போர்ட்டலில் இன்னொரு பாட், இன்னொரு டோக்கன். ரெண்டு டோக்கனையும் செட்டிங் ஃபைலில் எழுதி, எந்த குரூப் எந்த சேனலோடு சேரணும்னு சொல்லிட்டா போதும்.

சிக்கல் வர்ற இடம் வேற. டெலிகிராம் பாட்டுக்கு பிரைவசி மோட் ஆன்ல இருக்கும். குரூப்பில் பேசுறது அதுக்குக் கேட்காது. பாட்ஃபாதரிடமே அதை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் பாட்டை குரூப்பிலிருந்து தூக்கிட்டு மறுபடி சேர்க்கணும். இதை விட்டுட்டு ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைச்சுக்கிட்டேன். டிஸ்கார்டு பக்கம் டெவலப்பர் போர்ட்டலில் மெசேஜ் கன்டென்ட் இன்டென்ட்டை (மெசேஜைப் படிக்க பாட்டுக்குக் கொடுக்கிற அனுமதி) ஆன் பண்ணலைன்னா அங்கே எழுதுறது வந்து சேராது.

டெலிகிராமில் சாதா குரூப் சூப்பர்குரூப்பா (கூடுதல் வசதி உள்ள பெரிய குரூப்) மாறினால், செட்டிங் ஃபைலில் எழுதின அதோட ஐடியும் (குரூப் எண்) மாறிடும். புதுசு மைனஸ் 100ல ஆரம்பிக்கும், செட்டிங்கில் மாத்திடுங்க.

டோக்கனை மட்டும் குரூப்பில் ஸ்க்ரீன்ஷாட் போட்டுடாதீங்க. போட்டுட்டா உடனே பாட்ஃபாதரில் ரத்து பண்ணி புதுசு வாங்குங்க. மழைக்கு கரண்ட் போய் வந்தா தானா கிளம்புற மாதிரி சிஸ்டம்டியில் (லினக்ஸில் புரோகிராமைத் தானா ஆரம்பிச்சு வைக்கிற வசதி) சேர்த்து வைங்க.