கொதிக்கிற குழம்புக்குப் பிளாஸ்டிக் பை வேண்டாம்

ரங்கூனில் காலையில் மோகிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், பார்சல் கேட்டால், கொதிக்கிற குழம்பை மெல்லிசான பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் சுற்றித் தருவார்கள். வீடு வருவதற்குள் பை இளகித் தொளதொளவென்று ஆகிவிடும். பிளாஸ்டிக்கை ஒரேயடியாக விட முடியாவிட்டாலும் முதலில் இதை நிறுத்துங்கள். சூடு, எண்ணெய், புளிப்பு, இவை சேரச் சேரப் பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனம் சாப்பாட்டில் அதிகமாக இறங்கும். நம் மீன் குழம்பில் மூன்றும் இருக்கின்றன.

எவர்சில்வர் தூக்கோ அடுக்குக் கேரியரோ எடுத்துப் போங்கள். பர்மாக்காரர்களே கேரியரில்தான் வேலைக்குச் சோறு கொண்டு போகிறார்கள், அதனால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். ஒரே விஷயம், கடைக்காரர் கை பைக்குப் போவதற்குள் பாத்திரத்தை நீட்டிவிட வேண்டும். குழம்பு கீழ் அடுக்கில், நூடுல்ஸ் மேலே.

அப்புறம் வீட்டிலுள்ள டப்பாக்களைக் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், ஓரளவு சூடு தாங்கும். 3 என்றால் பிவிசி. அதை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் ஹார்மோன்களைக் குழப்பக்கூடியவை. 6 பாலிஸ்டைரீன், அதாவது வெள்ளைத் தெர்மோகோல் டப்பாவும் அதுதான், சூடு பட்டால் ஸ்டைரீன் என்ற ரசாயனம் கசியும். 7 என்ற எண்ணில் பாலிகார்பனேட்டும் அடக்கம், அது பிஸ்பினால் ஏ என்ற ரசாயனம் கொண்டு செய்வது, இதுவும் ஹார்மோன்களைக் குழப்பக்கூடியது. பாலிகார்பனேட்டில் செய்த பால் புட்டிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2011இலேயே தடை செய்துவிட்டது. யாராவது பழைய 7ஆம் எண் புட்டி கொடுத்தால் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

சூட்டில் ரசாயனம் இறங்கும் என்பதால் 20 லிட்டர் தண்ணீர் கேனையும் வெயிலில் வைக்காதீர்கள்.

சேர்ந்த பைகளைக் கொல்லையில் கொளுத்துவது ரொம்பத் தப்பு. அதில் பிவிசி கலந்திருந்தால் புகையில் டயாக்சின் வரும், அது புற்றுநோய் உண்டாக்கும் நச்சு, பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கும். சாக்கடையில் போட்டாலோ, மழைக்காலத்தில் அடைத்துக்கொண்டு தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும், மிச்சம் ஆற்றோடு மர்தபான் வளைகுடாவுக்குப் போய்த் துகள் துகளாக உடைந்து மீன் வயிற்றுக்குள் சேரும். 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் துகள் இருந்தது. அது உடம்பை என்ன செய்யும் என்று முழுசாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டுமா?

கோயில் அன்னதானத்திலும் இதைச் சொல்லுங்கள். வாழை இலை கிடைக்கும், சாம்பாருக்கு வாளியும் கரண்டியும் போதும். பாயசத்துக்கு எவர்சில்வர் டம்ளர் என்றால் கழுவ ஆள் வேண்டும், அதைக் கமிட்டியிடம் முதல் நாளே பேசி வையுங்கள்.