போப்பா மலை மடத்துக்கு ஒருநாள் பயணம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ரங்கூனிலிருந்து பர்மாவின் பழைய தலைநகரான பகானுக்குக் கிளம்பும் நம் தமிழர்கள் பலர், "அப்படியே போப்பாவையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்பார்கள். எட்டிப் பார்க்கிற இடமில்லை அது. காலை எட்டு மணிக்குப் படிக்கட்டின் கீழே நிற்க வேண்டும். பதினொன்றுக்குப் போனால் வெயிலும் கூட்டமும்தான். எட்டு மணியை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து திட்டம் போடுங்கள்.

1. முந்தின நாள்

இரவு பஸ்ஸில் வந்திறங்கிய கையோடு மலையேறாதீர்கள். பகானை ஒட்டிய நியாங்-ஊவில் ஒரு ராத்திரி தூங்குங்கள். அங்கிருந்து போப்பா சுமார் 50 கிலோமீட்டர். நாலு பேர் சேர்ந்து கார் பேசுவது நல்லது. பிக்கப் வண்டியில் காசு மிச்சம், ஆனால் ஆள் நிறையும்வரை நகராது. பாதை எப்படி இருக்கிறது என்று டிரைவரிடம் முதல் நாள் மாலையே கேட்டுவிடுங்கள். அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும்.

2. எந்த மலை?

1,518 மீட்டர் உயரமுள்ள பெரிய மலைதான் போப்பா; ரொம்பக் காலமாக அடங்கியிருக்கும் எரிமலை. நாம் ஏறுவது அதன் பக்கத்தில் தூண்போல் தனியே நிற்கும் தௌங் கலாத் பாறை. புத்த மடம் அதன் உச்சியில் இருக்கிறது.

3. பையில் என்ன?

தண்ணீர், சில்லறை நோட்டுகள், ஈரத்துணி. தோளும் முழங்காலும் மூடிய உடை. கைலி கட்டினால் கவலையே இல்லை. கறி கொண்டுபோவதை, அதிலும் பன்றிக்கறியை, அங்குள்ளவர்கள் ஆகாது என்பார்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு போய்க் காரிலேயே வைத்துவிடுங்கள்.

4. கீழே ஒரு கும்பிடு

அடிவாரத்தில் நாட் தெய்வங்களின் சன்னதி இருக்கிறது. நாட் என்றால் பர்மியர் கும்பிடும் ஆவித் தெய்வம்; அவர்களில் பெரியவர்கள் 37 பேர். அவர்களில் ஒருவருக்கு மதுப் புட்டி படைப்பார்கள். நம் முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகானை ஆண்ட அனவ்ரத்தாவுக்கு இந்த மலையிலிருந்து தினமும் பூப்பறித்துக் கொடுத்தவர் இந்தியாவிலிருந்து வந்த பியத்தா என்பது இங்குள்ள கதை. ரங்கூனில் நம் காளியம்மன் கோயில் பக்கம் ஓடும் சாலைக்கும் அந்த ராஜா பேர்தான்.

5. ஏறுவது

மொத்தம் 777 படி என்பது கணக்கு. மேலே கூரை இருக்கிறது. செருப்பு, சாக்ஸ் இரண்டையும் கழற்ற வேண்டும். நின்று நின்று ஏறினாலும் அரை மணி, முக்கால் மணியில் உச்சி வந்துவிடும்.

தொல்லை படிகளால் இல்லை, குரங்குகளால். போன தடவை சின்னம்மா ஒரு முறுக்குப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார். பாதி வழியில் ஒரு பெரிய குரங்கு எதிரே வந்து உட்கார்ந்தது, முந்தானையைப் பிடித்தது, இரண்டு விரலால் முடிச்சைப் பிரித்தது. சின்னம்மா சத்தம் போடுவதற்குள் அது கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து முறுக்கை நொறுக்கிக்கொண்டிருந்தது. கையில் தின்பண்டமோ பளபளக்கும் பையோ வேண்டாம். குரங்கு அசுத்தம் செய்வதைத் துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் சில்லறை கேட்பார்கள். கொடுங்கள், நாம் வெறுங்காலில் நடக்க முடிவது அவர்களால்தான்.

6. மேலே

புத்தர் முன்னால் காலை நீட்டாமல் மடக்கி உட்காருங்கள். பிக்குவுக்கு ஏதாவது கொடுப்பதென்றால், பெண்கள் அவர் கையில் தராமல் முன்னால் வைக்க வேண்டும். மற்றபடி அவசரமில்லை. காற்று நன்றாக இருக்கும்.

7. திரும்பும் வழி

சாலையோரம் பனங்காட்டுக் கடைகள் வரும். மாடு கட்டிய செக்கு சுற்றும், பக்கத்தில் பதநீர் காயும். பதநீரைப் போகும்போதே குடித்துவிடுங்கள், மத்தியானத்துக்குள் கள்ளாகிவிடும். வெல்லம் மட்டும் திரும்பும்போது. முன்பே வாங்கிப் பையில் வைத்தால் குரங்குக்குத்தான் போகும். இரண்டு பொட்டலமாகக் கட்டச் சொல்லுங்கள். ஒன்று ரங்கூன் போய்ச் சேராது, பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும்.