ஆங்கிலச் சொல்லில் ஷார்ட் வவலா, லாங் வவலா? கண்டுபிடிக்கும் வழி

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆங்கிலத்துக்கும் இந்தக் கணக்கையே போடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அங்கே பார்க்க வேண்டியது நேரத்தை அல்ல, ஒலியை. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று எழுத்தின் பெயரே சொல்லுக்குள் கேட்டால் லாங்: கேக், மீ, கைட், ஹோம், க்யூட். பெட், பின், கப் போன்றவை ஷார்ட். ஆர் சேர்ந்த கார், பேர்ட் வகை தனி. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பழைய ஆங்கிலத்தில் நெடில்கள் நிஜமாகவே நீட்டல்தான். ‘டைம்’ ஒரு காலத்தில் ‘டீமெ’ போல ஒலித்தது. சுமார் 1400 முதல் 1700 வரை நெடில் ஒலிகள் மாறிப்போயின, ஸ்பெல்லிங் பெரும்பாலும் மாறவில்லை.

தமிழில் எழுதிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொப்பியும் கேப், தோளில் போர்த்தும் அங்கியும் கேப். ஆனால் முதலாவது ஷார்ட், இரண்டாவது லாங். சூட்டைக் குறிக்கும் சொல்லை ‘ஹாட்’ என்று கால் போட்டு எழுதினாலும் அது ஷார்ட்தான். சந்தேகம் வந்தால் தாடைக்கு அடியில் புறங்கையை வைத்து, கடைசி மெய்யைச் சொல்லாமல் நிறுத்துங்கள். தொப்பிக்குத் தாடை நன்றாக இறங்கி அங்கேயே நிற்கும். அங்கிக்கு அவ்வளவு இறங்காது, முடிவில் ‘இ’ பக்கமாக லேசாக ஏறும். நம் ஏகாரத்தை அப்படியே வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எழுத்தைப் பார்த்துச் சொல்ல, உயிருக்குப் பின்னால் வருவதைக் கவனியுங்கள். ஓரசைச் சொல் ஒற்றை உயிரோடு மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஷார்ட்: பின், கட், நாட். கடைசியில் ஒலிக்காத ஈ ஒட்டினால் லாங்: பைன், க்யூட், நோட். கோ, ஹீ போல உயிரிலேயே முடிந்தாலும் லாங்; டூ போன்ற சில மட்டும் அடங்காது. நீளமான சொல்லில் இரட்டை மெய் வந்தால் முந்தைய உயிர் பெரும்பாலும் ஷார்ட். டின்னருக்கு இரண்டு என், டைனருக்கு ஒன்று. ஹாப்பிங்குக்கு இரண்டு பி, ஹோப்பிங்குக்கு ஒன்றுதான். தமிழில் இரண்டிலும் ‘ப்’ இரட்டிப்பதால் பிள்ளைகள் இங்கே தவறாமல் வழுக்குவார்கள்.

விதிக்கு அடங்காதவை சில, கூட்டம் கூட்டமாக வரும். கிவ், ஹேவ், லவ் மூன்றிலும் ஈ இருந்தும் ஷார்ட். ஆங்கிலச் சொல்லை வி-யில் முடிக்கும் வழக்கம் இல்லாததால் வெறுமனே ஒட்டிய ஈ அது. ஃபைண்ட், சைல்ட், கோல்ட் மூன்றும் மெய்யில் முடிந்தும் லாங்.

ஏஐ, ஈஈ, ஓஏ என்று இரண்டு உயிர் சேர்ந்தால் (ரெயின், ஷீப், போட்) பெரும்பாலும் லாங். ஈஏ-வை மட்டும் நம்பாதீர்கள்: டீம் லாங், சாப்பிடும் ப்ரெட் ஷார்ட். ‘படி’ என்ற வினைக்கு நிகழ்காலத்தில் ரீட், இறந்தகாலத்தில் ரெட், ஸ்பெல்லிங் ஒன்றே. வாக்கியத்தில் ‘யெஸ்டர்டே’ இருந்தால் ரெட். சொல் தனியாக நின்றால் யாராலும் சொல்ல முடியாது.