வீட்டு ஹாலிலிருந்து இறக்குமதி: முதல் எட்டுப் பெட்டி

நான் வரவழைப்பது சிலிகான் மோல்டு. வீட்டில் சோப்பு, மெழுகுவர்த்தி, ரெசின் சாவிக்கொத்து செய்து விற்கிறவர்கள் கலவையை ஊற்றி எடுக்கிற அச்சு. மதுரையில் எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்துச் சுவர்தான் குடோன். "சீனாவிலிருந்து இறக்கினால் செம லாபமாமே, எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறவர்களுக்குப் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு, மற்றதெல்லாம் அப்புறம். அங்கே ஒரு டாலர் விலையுள்ள பொருள் உங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது என்ன விலை ஆகிறது, அதுதான் லேண்டிங் காஸ்ட். முதல் தடவை நான் டாலரை ரூபாயால் பெருக்கி, கப்பல் வாடகையைக் கூட்டி, இவ்வளவுதான் என்று சந்தோஷப்பட்டேன். சரக்கு வந்தபின் பார்த்தால் உள்ளூர் மொத்தக் கடையிலேயே வாங்கியிருக்கலாம் போலிருந்தது.

ஒரு உதாரணம் போடுவோம். பொருள் விலை, கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்து 1,00,000 ரூபாய். டியூட்டி இந்த மூன்றின் கூட்டுத்தொகை மீதுதான், வெறும் பொருள் விலை மீது இல்லை. அடிப்படைச் சுங்க வரி 10% என்று வைத்துக்கொண்டால் 10,000. அந்த வரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10%, அது 1,000. இப்போது தொகை 1,11,000. இதற்கு 18% ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குக் கட்டுகிற ஜிஎஸ்டி, போட்டால் 19,980. ஆக மொத்தம் 30,980 கட்டினால்தான் சரக்கு வெளியே வரும். இதில் ஐஜிஎஸ்டி திரும்ப வரவாகிற பணம், ஜிஎஸ்டி பதிவு இருந்து, பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துறையிடம் தாக்கல் செய்கிற சரக்கு விவரப் படிவம்) உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக ஏறியிருந்தால் விற்கும்போது கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். சிறு வியாபாரிகள் விற்பனையில் சிறு சதவீதம் மட்டும் வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கழிக்க முடியாது, முழுசும் செலவுதான். கழிக்க முடிந்தாலும் அது கைக்கு வர மாதங்கள் ஆகும், அதுவரை அந்த இருபதாயிரம் முடங்கித்தான் கிடக்கும் என்பதையும் சேர்த்துப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, டாலருக்கு என்ன ரூபாய் என்பதை இங்கே கூகுள் சொல்லாது, சுங்கத்துறை அறிவிக்கிற விலைதான் கணக்கு.

இந்தக் கணக்கில் வராத ஒன்றுதான் என் முதல் லாபத்தைத் தின்றது. சிறு சரக்குக்கு முழுக் கன்டெய்னர் எடுக்க மாட்டோம், பலபேர் சரக்கோடு பங்கு போட்டு எல்சிஎல்லாக அனுப்புவோம், கன மீட்டர் கணக்கில் காசு. 60, 40, 50 செ.மீ. அளவுள்ள ஒரு பெட்டி 0.12 கன மீட்டர், எட்டுப் பெட்டி கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர். எப்படியும் குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்கான காசு வாங்கிவிடுவார்கள், அதனால் மூன்று பெட்டி போட்டு மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண். சப்ளையர் சிஐஎஃப் விலை சொன்னார், அதாவது சென்னை வரை வாடகை அவர் பொறுப்பு, வாடகையோ அடிமாட்டு விலை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சரக்கு வந்திறங்கியதும் இந்தப் பக்கத்து ஏஜென்ட்டிடமிருந்து டெலிவரி ஆர்டர் (டிஓ, சரக்கை விடுவிக்கிற சீட்டு) கட்டணம், பெட்டி பிரிக்கிற கட்டணம், ஹேண்ட்லிங், இன்னும் பேரே புரியாத நாலைந்து கட்டணங்களோடு ஒரு பில். அங்கே விட்ட வாடகையை இங்கே பல மடங்காகப் பிடித்துக்கொள்கிறார்கள். காசைக் கொடுக்காமல் டிஓ கிடைக்காது, டிஓ இல்லாமல் சரக்கு கிடைக்காது.

அதிலிருந்து எஃப்ஓபி மட்டும்தான். சீனத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றுவது வரை அவர் செலவு, அதற்குப்பின் நான் பிடித்த ஃபார்வர்டர், அதாவது சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்கிற ஏஜென்ட். அவரிடமும் "சென்னையில் நான் கட்டவேண்டிய எல்லாக் கட்டணமும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிய பிறகுதான் சப்ளையருக்கு அட்வான்ஸ். தென் மாவட்டக்காரர்கள் தூத்துக்குடிக்கும் சேர்த்து விலை கேளுங்கள். பெரும்பாலும் கொழும்பு வழியாக மாறி வருவதால் நாள் கூடும், ஆனால் லாரி வாடகை மிச்சமாகலாம்.

பேப்பர் வேலையைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், உண்மையில் அதுதான் சுலபம். ஐஇசி என்கிற இறக்குமதி ஏற்றுமதி எண்ணை வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் தளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே வாங்கலாம். பான் கார்டு, வங்கிக் கணக்கு, வீட்டு முகவரிக்கு ஆதாரம் இருந்தால் போதும், பான் எண்ணேதான் ஐஇசி எண். இதற்குப் பல ஆயிரம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். வருடா வருடம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அதே தளத்தில் போய் விவரத்தை உறுதி செய்யவேண்டும், எதுவுமே மாறாவிட்டாலும். மறந்தால் எண் செயலிழந்துவிடும். ஜிஎஸ்டியும் வீட்டு முகவரியிலேயே எடுக்கலாம், வாடகை வீடு என்றால் ஒப்பந்தமும், வீட்டுக்காரர் பெயரில் சொத்து வரி ரசீது, கரன்ட் பில் மாதிரி ஏதாவது ஒன்றும் வேண்டும். வங்கியில் கரன்ட் அக்கவுன்ட் திறக்கும்போதே அந்தக் கிளை வெளிநாட்டுப் பணம் கையாளுமா என்று கேளுங்கள், எல்லாக் கிளையும் செய்வதில்லை.

எந்தப் பொருள்? நான் வைத்திருக்கிற அளவுகோல் இது: உடையக்கூடாது, கெடக்கூடாது, கரன்ட்டில் ஓடக்கூடாது, குழந்தை விளையாடக்கூடாது, வாயிலோ தோலிலோ போகக்கூடாது. இதில் பலவற்றுக்கும் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. பொம்மைக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதை அந்தச் சீனத் தொழிற்சாலைதான் வாங்கியிருக்க வேண்டும், நீங்கள் இங்கே வாங்கி ஒட்ட முடியாது. பவர் பேங்க், சார்ஜர் மாதிரியானவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு, ப்ளூடூத் இருந்தால் இன்னொரு அனுமதி. தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, அழகுசாதனம் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சில அயிட்டங்கள் யாரும் யோசித்தே பார்க்காதவை: 20 ரூபாய்க்குக் கீழே விலையுள்ள சிகரெட் லைட்டருக்கு 2023-ல் தடை வந்தது, ஊதுபத்தி 2019-லிருந்து கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில். அதனால் பொருளைப் பிடித்ததும் சுங்கத்தில் அதை வகைப்படுத்துகிற எட்டு இலக்க எச்எஸ் கோடைக் கண்டுபிடித்து, அந்தக் கோடுக்கு வரி எவ்வளவு, தடை உண்டா, தரக்கட்டுப்பாட்டு ஆணை உண்டா என்று பார்த்துவிடுங்கள். சப்ளையர் சொல்கிற கோடை நம்பவேண்டாம், அது அவர் நாட்டு வசதிக்கு. மோல்டுக்கே ஆளுக்கொரு கோடு சொல்வார்கள். சுங்கத்தில் நமக்காகப் பேப்பர் போட்டுச் சரக்கை எடுத்துத் தருகிற கிளியரிங் ஏஜென்ட்டிடம் படம் அனுப்பி, எந்தப் பெயரில், எந்தக் கோடில் போடப்போகிறார் என்று முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

சப்ளையரைத் தேடுவது ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை, அலிபாபாவில் போனால் ஒரே படத்தை நாற்பது பேர் போட்டிருப்பார்கள். நான் மூன்று பேரிடம் சாம்பிள் வாங்கினேன். ஒன்றில் சிலிகான் நாற்றம், ஒன்று கிழிந்தது, மூன்றாவதுக்கு ஆர்டர் போட்டேன். சாம்பிள் அனுப்பும்போது "கிஃப்ட் என்று போட்டுவிடவா?" என்று அன்பாகக் கேட்பார்கள். வேண்டாம். கூரியரில் பரிசு என்று வரியில்லாமல் வரவழைப்பதை 2019 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே மாதிரி "இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடவா?" என்பார்கள். அதே பொருளை மற்றவர்கள் என்ன விலைக்கு இறக்கினார்கள் என்பது சுங்கத்துறைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, வங்கியில் நீங்கள் அனுப்பிய டாலரும் பதிவாகியிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மாட்டுவது நீங்கள், அவர் இல்லை.

பணம் பெரும்பாலும் 30% அட்வான்ஸ், 70% கப்பல் ஏற்றும் முன். அந்த எழுபதை அனுப்பும் முன் பெட்டிகளின் படம், பேக்கிங் லிஸ்ட், எடை எல்லாம் வாங்குங்கள். கடைசி நேரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வந்தால் கையை எடுத்துவிட்டு வீடியோ காலில் கூப்பிடுங்கள், பணம் திருட்டுப் போகிற இடம் இதுதான். அனுப்பிய பணத்துக்கு ஈடாகச் சரக்கு வந்ததற்கு பில் ஆஃப் என்ட்ரியை வங்கியில் காட்டவேண்டும், அதை ஃபைலில் தூங்கவிடாதீர்கள், அடுத்த தடவை பணம் அனுப்பப் போகும்போது பழைய பாக்கியைக் காட்டி நிறுத்துவார்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி, ஜனவரி பிப்ரவரியில், வாரக்கணக்கில் தொழிற்சாலை மூடிவிடும். டிசம்பரிலேயே ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் மார்ச்தான்.

"கிலோவுக்கு இவ்வளவு, டியூட்டி எல்லாம் சேர்த்து வீட்டில் தருகிறோம், ஐஇசிகூட வேண்டாம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. ரொம்ப வசதி. ஆனால் பில் ஆஃப் என்ட்ரி உங்கள் பெயரில் இருக்காது, ஐஜிஎஸ்டியைக் கழிக்க முடியாது, நாளைக்கு யாராவது இந்தச் சரக்கு எப்படி வந்தது என்று கேட்டால் காட்டத் துண்டுச் சீட்டு இருக்காது. நான் தொடவில்லை.

கிளியரிங் ஏஜென்ட்டை சென்னையில் தேடுவதென்றால் சுங்க மாளிகைக்குப் பின்னால் தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெருப் பக்கம் ஒரு நாள் நடந்தாலே போதும், மாடிக்கு மாடி போர்டுதான். சின்னச் சரக்கென்று அலட்சியப்படுத்தாத ஆளைப் பிடியுங்கள். கப்பல் வந்தபிறகு சாவகாசமாகப் பேப்பர் கொடுத்தால், பில் ஆஃப் என்ட்ரி தாமதத்துக்கு முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000, அதற்குமேல் நாளொன்றுக்கு 10,000 அபராதம். எட்டுப் பெட்டி மோல்டு தாங்காது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பலில் ஏற்றியதற்கான சரக்கு ரசீது) மூன்றிலும் பெட்டி எண்ணிக்கையும் எடையும் ஒன்றாக இருக்கிறதா என்று கப்பல் கிளம்பும்போதே பார்த்து அனுப்பிவிடுங்கள். மரப்பலகை வைத்துக் கட்டியிருந்தால் அதில் பூச்சி நீக்கிய முத்திரை இருக்கவேண்டும், வெறும் அட்டைப்பெட்டி போதும் என்று சப்ளையரிடம் சொல்லிவிடுவது இன்னும் சுலபம்.

கடைசி வேலை லேபிள். பாக்கெட்டில் விற்கிற எதிலும் எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி, எத்தனை எண்ணிக்கை, தயாரித்த மாதமும் வருடமும், இறக்குமதியாளர் பெயர், முகவரி, புகாருக்குப் போன் நம்பர் எல்லாம் இருக்கவேண்டும். லேபிளை இங்கிருந்து டிசைன் செய்து அனுப்பி சப்ளையரையே ஒட்டச் சொல்லுங்கள், ஒரு பைசா இரண்டு பைசாவில் முடியும். நான் அது தெரியாமல் நின்று, பிறகு குடும்பமே உட்கார்ந்து ஒட்டியது. போனுக்கு ஒரு தனி சிம் வாங்கிவிடுங்கள். முகவரிக்குத்தான் வழியில்லை, வீட்டிலிருந்து செய்தால் வீட்டு முகவரிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார், ரோஜா டிசைன் வேண்டுமாம். நான் பல் விளக்கி வருவதற்குள் அம்மா காபி கொடுத்து, ஆறு மோல்டு விற்று, சில்லறையும் கொடுத்து அனுப்பிவிட்டார்.