காலாங் ஆற்றோரம் மெதுவோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு காலாங். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் புறப்பட்டு, பீஷான், தோ பாயோ, போத்தோங் பாசிர் வட்டாரங்கள் வழியே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடி, காலாங் படுகையில் போய்ச் சேர்கிறது. ஆற்றை ஒட்டிச் செல்லும் பூங்கா இணைப்புப் பாதை மெதுவோட்டத்துக்கு அருமையான இடம். மேடு பள்ளம் குறைவு, வழியில் மரங்கள், இருபுறமும் குடியிருப்புகள். களைத்துப் போனால் வீடு திரும்ப எம்ஆர்டி ரயிலும் பேருந்தும் தொலைவில் இல்லை.

இத்தனை வசதி இருப்பதாலேயே பலர் இதை விளையாட்டரங்கத்துத் தடமாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது ஊரின் மழைநீரைக் கடலோரம் கொண்டு சேர்க்கும் வழி. சைக்கிள்காரர்கள், பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் அழைத்துவரும் தாத்தா பாட்டிகள், நாயோடு நடப்பவர்கள், நீர்நாய்கள் என எல்லாருக்கும் பொதுவான இடமும்கூட. இங்கே நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருகின்றன என்பது என் கருத்து.

ஆற்றைக் கவனிக்காமல் ஓடுவது

பீஷான்–அங் மோ கியோ பூங்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே முன்பு இருந்தது 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராகப் போன கான்கிரீட் கால்வாய். பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அதை உடைத்து, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளியும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தன. பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது பெருமழை பெய்தால் நீர் கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலத்துக்குப் பரவ இடம் விடப்பட்டிருக்கிறது. அதாவது, வெயில் நாளில் நாம் ஓடும் கரையோரப் புல்வெளி, மழை நாளில் ஆற்றின் ஒரு பகுதி. வெள்ளம் அங்கே ஏறுவது விபத்து அல்ல, அப்படி ஏறுவதற்காகவே பூங்கா வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

“இங்கே ஒரு தூறல்கூட இல்லையே” என்று நினைத்து நீர் விளிம்பிலேயே ஓடுவதுதான் பெரிய தவறு. நீங்கள் நிற்கும் இடத்தில் பெய்யும் மழையை மட்டும் வைத்து ஆற்றின் மட்டம் உயர்வதில்லை. மேற்பகுதியில் கூரைகளிலும் சாலைகளிலும் கொட்டும் மழை மண்ணில் ஊறாமல் நேராக வடிகால்களுக்குள் பாய்கிறது, சிறிது நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடுகிறது. இதற்காகவே நீர்மட்ட உணரிகள், எச்சரிக்கை விளக்குகள், ஒலிப்பான்கள், சிவப்பு அடையாளங்கள், மிதவை வளையங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒலிப்பான் கேட்டதும் “இந்தச் சுற்றை மட்டும் முடித்துவிடலாம்” என்று எண்ணக் கூடாது. ஆற்றை ஒட்டியே திரும்பி ஓடவும் கூடாது. ஆற்றுக்கு முதுகைக் காட்டி, மேடான பக்கம் ஏறிவிட வேண்டும்.

தண்ணீருக்குள் பதித்த கற்களைத் தாண்டி அக்கரைக்குப் போவது ஆசையைத் தூண்டும். நடந்து கடக்கலாம், ஓடிக் கடக்க வேண்டாம். ஈரக்கல்லில் வழுக்கினால் கணுக்கால் போய்விடும்.

மின்னலைக் குறைத்து எடைபோடுவது

உலகில் மின்னல் மிக அதிகமாக வெட்டும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. சராசரியாக ஆண்டுக்கு 168 நாள்கள் இங்கே இடியுடன் மழை. இடி மழை என்றாலே பிற்பகல்தான் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து இடிமழையோடு வரும் சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலை வேளையிலும்தான் தாக்கும், அதுவும் நாம் காலணிக் கயிறு கட்டும் நேரம் பார்த்து. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, புறப்படுமுன் மழை ரேடாரைப் பார்க்காமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். அப்போதே கட்டடம் ஒன்றுக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்குவது, திறந்தவெளியில் குடை விரித்து நிற்பது இரண்டும் ஆபத்து. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை பொறுத்திருங்கள். மழை விட்டதும் மின்னலும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

பாதையில் தனியாக இருப்பதாக நினைப்பது

பகிர்வுப் பாதைகளில் சைக்கிளுக்கான வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். நீங்கள் திடீரென நின்றால், 20 மீட்டர் பின்னால் வருபவர் மூன்றே விநாடியில் உங்கள் முதுகில் இருப்பார். கைக்கடிகாரம் ஒரு கிலோமீட்டர் முடிந்தது என்று அதிர்ந்ததும் பாதை நடுவிலேயே நின்று அதைப் பார்ப்பது, பின்னால் திரும்பிப் பார்க்காமல் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்புவது, காலணிக் கயிறு கட்ட அங்கேயே குனிவது: மோதல்கள் இப்படித்தான் நடக்கின்றன. முதலில் தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு இடப்பக்க ஓரம், அதன் பிறகு நிற்பது. இந்த வரிசை பழக்கமாகிவிட வேண்டும்.

இடப்பக்கமாக ஓடுவதும் முந்தும்போது மட்டும் வலப்பக்கம் போவதும் எழுதப்பட்ட நடத்தை விதி. நண்பர்கள் மூவர் கைகோத்ததுபோல் வரிசையாக ஓடுவது பேச்சுக்கு இனிமை, பின்னால் வருபவருக்குத் தொல்லை. இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு ஓடுபவர்களிடம் சைக்கிள் மணி அடித்துப் பயனே இல்லை. பாட்டு வேண்டுமென்றால் ஒரு காதாவது திறந்திருக்கட்டும்.

நடைபாதையும் சைக்கிள் பாதையும் அருகருகே இருக்கும் இடங்களில், நடப்பவர்களுக்கு மட்டுமான பாதையில் சைக்கிள் ஓட்டுவது 2025 ஜூலை 1 முதல் குற்றம். அந்த ஒழுங்கை சைக்கிள்காரர்களிடம் எதிர்பார்க்கும் நாம், வழவழப்பாக இருக்கிறதே என்று சைக்கிள் பாதையில் இறங்கி ஓடுவது எந்த வகையில் நியாயம்?

நீர்நாய்களை நெருங்குவது

காலாங் ஆற்றின் நீர்நாய்க் குடும்பங்களுக்கு ரசிகர்கள் ஏராளம். குட்டிகளோடு பாதையைக் கடக்கும்போது படம் எடுக்க நெருங்குவதும், “நாம் வந்தால் விலகிவிடும்” என்று நடுவே ஓடிப் போவதும் கூடாது. குட்டிகளுக்கு ஆபத்து என்று தோன்றினால் அவை கூட்டமாகப் பாயும். 2021 நவம்பரில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் அதிகாலை நேரத்தில் ஒருவர் பலமுறை கடிபட்டது நினைவிருக்கலாம். தொலைவில் நின்று, கூட்டம் முழுவதும் கடக்கும் வரை காத்திருங்கள். இருட்டில் ஓடுபவர் கையிலோ நெற்றியிலோ ஒரு சிறு விளக்கு இருப்பது அவற்றுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. உணவு போடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

“காலை நேரம் குளிர்ச்சி” என்று ஏமாறுவது

இந்தத் தவற்றைப் புதிதாகத் தொடங்குபவர்களைவிட அனுபவசாலிகள் அதிகம் செய்கிறார்கள். விடியற்காலையில் வெப்பநிலை 24, 25 டிகிரிக்கு இறங்கும், ஆனால் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில், 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழிந்து கொட்டும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். ஆகவே குளிர்நாட்டில் ஓடிய வேகத்தையோ குளிரூட்டப்பட்ட உடற்பயிற்சிக்கூடத்தின் வேகத்தையோ இங்கே எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வாக்கியம் தடையின்றிப் பேச முடிகிறதா என்பதே சரியான அளவுகோல். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவர்கள் உடல் பழக ஒன்றிரண்டு வாரம் கொடுக்க வேண்டும்.

வெயில் ஏறிய பின் ஓடுவதானால் மைஎன்வி செயலியில் வெப்பத் தாக்க நிலையைப் பாருங்கள். இது வெறும் வெப்பநிலை அல்ல, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு. அது 31 டிகிரியைத் தொட்டால் மிதமான நிலை, 33-ஐத் தொட்டால் கடுமையான நிலை. கடுமையான நிலையில் ஓட்டத்தை மறுநாளுக்குத் தள்ளுவதில் வெட்கம் ஏதுமில்லை. உடன் ஓடுபவர் தடுமாறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். அவசர மருத்துவ வண்டிக்கு 995-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, கிடைத்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றுங்கள்.

திரும்பும் தூரத்தைக் கணக்கில் விடுவது

சமதளப் பாதை ஆளை ஏமாற்றும். பீஷானிலிருந்து போகும்போது கால்கள் தாமாக ஓடும், காலாங் படுகையில் காற்று வாங்கி நின்ற பிறகுதான் அதே தூரம் திரும்ப வேண்டும் என்பது உறைக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலியோடு நொண்டி வருபவர்களில் பலர் ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கியவர்கள். முழு நீளமும் பார்க்க ஆசையிருந்தால் ஒரு வழி மட்டும் ஓடுங்கள். காலாங் எம்ஆர்டி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பயண அட்டையும் மாற்றுச் சட்டை ஒன்றும் இடுப்புப் பையில் இருந்தால் போதும். நனைந்த சட்டையோடு குளிரூட்டப்பட்ட ரயிலில் உட்கார்ந்தால் உங்களுக்கும் நடுக்கம், பக்கத்து இருக்கைக்காரருக்கும் சங்கடம்.